சின்னக் கைக்கு ஒரு பிடி

என் கைகள் சின்னவை. உயரத்திலும் உடம்பிலும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கைகளை மட்டும் யாரோ பள்ளிக்கூடப் பையனிடமிருந்து வாங்கி ஒட்டவைத்த மாதிரி இருக்கும். எங்கள் கல்யாணத்தன்று சர்ச்சில் மோதிரம் மாற்றியபோது, மனைவிக்கு வாங்கிய மோதிரம் அவள் விரலில் பாதியிலேயே நின்றுவிட்டது. எனக்கு வாங்கியதோ என் விரலில் சுழன்றது. ஆயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாத்திப் போட்டுப் பாருங்களேன்" என்றார். மாற்றிப் போட்டோம். இரண்டும் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தன. இன்றுவரை அப்படியேதான் போட்டிருக்கிறோம்.

அதைத் தவிர இந்தக் கைகளால் எனக்குப் பெரிய தொந்தரவு எதுவும் வந்ததில்லை. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கணினியில் வரைபடம் போடுகிற வேலை. வீடு துடியலூரில். நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிற எனக்குத் துப்பாக்கி சுடப் பழகும் யோசனையைக் கொடுத்தவர் எங்கள் கொள்முதல் பிரிவில் இருக்கும் நண்பர். ஊருக்கு வெளியே ஒரு சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் காற்றுத் துப்பாக்கி சுடுவார்கள். பத்து மீட்டர் தூரத்தில் ஒரு அட்டை, அதில் கறுப்பு வட்டம், ஒரு கையால் துப்பாக்கியைத் தூக்கி அதைச் சுட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. வேடிக்கை பார்க்கலாம் என்று போனவன் அங்கேயே ஒட்டிக்கொண்டேன்.

எனக்குப் பிடித்தது அங்கிருந்த அமைதி. யாரும் யாரோடும் பேசுவதில்லை. மூச்சை இழுத்து, கையை உயர்த்தி, துப்பாக்கியின் முன்முனையில் இருக்கும் சின்னக் குறியைப் பின்னால் இருக்கும் பள்ளத்துக்கு நடுவே நிறுத்தி, விசையை மெல்ல மெல்ல அழுத்தும்போது, அலுவலகமும் வீட்டுக் கடனும் ஞாபகத்தில் இருக்காது. சங்கத்தின் துப்பாக்கி ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். மிகப் பழையது. மரப்பிடி பல பேர் கைபட்டுத் தேய்ந்து, யாரோ எப்போதோ உப்புத்தாள் போட்டு இழைத்து ஒல்லியாக்கியிருந்தார்கள். பார்க்கச் சகிக்காது. ஆனால் அதில் நான் ஓரளவு நன்றாகவே சுட்டேன். ஏன் நன்றாகச் சுட்டேன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து, சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று டவுனில் இருக்கும் கடைக்குப் போனேன். இந்த வகைக் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சு மெத்தையில் வால்நட் மரப்பிடி போட்ட துப்பாக்கி. பிடியில் மீன் செதில்போல நுணுக்கமாகக் கொத்தியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையின் நடுவில் ஏதோ காலியாக இருப்பதுபோல் தோன்றியது. விசையைத் தொட ஆள்காட்டி விரலை இழுத்து நீட்ட வேண்டியிருந்தது.

"கொஞ்சம் பெருசா இருக்குதுங்களா?" என்றேன்.

"இது மீடியம்ங்க சார். ஆம்பளைங்களுக்கெல்லாம் மீடியந்தானுங்க. ஸ்மாலு வந்து லேடீஸுக்கும் ஸ்கூல் பசங்களுக்கும். புதுசுங்கறதால அப்படித் தெரியும். பழகப் பழகச் சரியாயிருமுங்க."

ஸ்மால் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நரைத்த மீசையோடு அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. மீடியத்தையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

நடுக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

முதலில் முன்குறி லேசாக ஆடியது. புதுத் துப்பாக்கி, எடை கூட, பழகிவிடும் என்று நினைத்தேன். சில வாரங்களில் ஆட்டம் அதிகமானது. கையை உயர்த்தி நிறுத்தியதும் குறி வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஈ மாதிரி பறந்தது. அதை அடக்க இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இறுக்கினால் இன்னும் ஆடியது. சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் முழங்கைவரை வலி. அடுத்த நாள் காலையில் காபி டம்ளரை எடுத்தேன். டம்ளர் டபராவில் பட்டு கிணுகிணுவென்று சத்தம் போட்டது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் அப்பாவின் கையில் கேட்ட சத்தம் அது.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். எங்கள் சொந்த ஊர் அன்னூர் பக்கம். தாத்தா, அவருடைய அப்பா எல்லோரும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறர் தோட்டங்களில் வேலை செய்தவர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சீருடை போட்டவர் அப்பாதான். வளைவுகளில் அவர் ஸ்டியரிங்கை உள்ளங்கையால் உருட்டுவதைப் பார்க்கவே நான் முன்சீட்டில் உட்கார்ந்து போவேன். என் இப்போதைய வயதை ஒட்டித்தான் அவருக்கு நடுக்குவாத நோய் ஆரம்பித்தது. முதலில் ஒரு கை. பிறகு நடை சுருங்கியது. முகத்தில் சிரிப்பு வருவது நின்றுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருவிருந்தின்போது அவர் கையில் கிண்ணம் ஆடி, திராட்சை ரசம் அவருடைய வெள்ளைச் சட்டையில் வழிந்தது. அதற்குப் பிறகு அவர் திருவிருந்துக்கு முன்னால் போகவே இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டே இருப்பார். அவர் போய்ச் சேர்ந்து சில வருடங்களாகிவிட்டன.

ஆகவே டம்ளர் சத்தம் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நான் நினைத்தேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. அவள் ஒரு தனியார் மருத்துவமனையில், பிரசவ வார்டில் நர்ஸ். அவளிடம் சொன்னால் அடுத்த நாளே டாக்டரிடம் கூட்டிப்போவாள், அங்கே போனால் அது உறுதியாகிவிடும் என்று பயந்தேன். இடது கையால் காபி குடித்தேன். டம்ளரைப் பாதிக்கு மேல் நிரப்ப விடவில்லை. அலுவலகத்தில் மவுஸின் மேல் இருக்கும் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். கையில் ஒன்றுமில்லாதபோதும் உன்னிப்பாகப் பார்த்தால் ஏதோ துடிப்பதுபோலவே இருக்கும். ஞாயிறு விடியற்காலை ஆராதனைக்கு சர்ச்சுக்குப் போனால், அப்பா உட்கார்ந்த அந்தக் கடைசி பெஞ்சின் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விடுவேன். மகளுக்கு அடுத்த வருடம் கல்லூரி. அவளுடைய படிப்பு முடிவதற்குள் நான் சட்டைப் பொத்தானைப் போட முடியாதவனாகிவிடுவேனா என்று கணக்குப் போட்டுப் போட்டுத் தூக்கம் கெட்டது.

துப்பாக்கியை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போனேன். நன்றாகச் சுட வேண்டும் என்பதெல்லாம் போய்விட்டது. நடுக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கத்தான் போனேன்.

அப்படி ஒரு ஞாயிறு, சங்கத்துக்குள்ளேயே ஒரு சின்னப் போட்டி வைத்திருந்தார்கள். எனக்குப் பக்கத்துத் தடத்தில் சுட்டவர் பல்லடத்திலிருந்து வரும் ஒரு அம்மா. நாற்பதைத் தாண்டியவர். கணவரும் அவரும் கோழிப்பண்ணை நடத்துகிறார்கள். வாரம் முழுதும் தீவன லாரி, குஞ்சு வண்டி, டாக்டர் என்று அலைந்துவிட்டு ஞாயிறு காலையில் கணவரைக் காருக்குள் பேப்பர் படிக்க விட்டுவிட்டு வந்து சுடுவார். அதுவரை வணக்கத்தோடு சரி, நாங்கள் பேசியதில்லை.

நான் மிக மோசமாகச் சுட்டேன். கடைசியில் ஒரு பெல்லட் குண்டு அட்டையிலேயே படவில்லை. துப்பாக்கியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

போட்டி முடிந்து எல்லோரும் டீக்குப் போனபோது அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"ஏனுங்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. நானும் பாத்துட்டே இருந்தனுங்க. நீங்க துப்பாக்கியப் புடிக்கிலீங்க, நெரிக்கறீங்க."

"விட்டா ஆடுதுங்க" என்றேன்.

"நெரிக்கறதாலதானுங்க ஆடுது. உங்க கையக் காட்டுங்க."

தொடைக்கு அடியிலிருந்து கையை எடுக்கத் தயங்கினேன். எடுத்தேன். அவர் தன் கையை அதற்கு எதிரே நீட்டிப் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"இந்தக் கைய வெச்சுட்டு மீடியம் புடி வாங்கியிருக்கறீங்களேங்ணா! நான் மொதமொதல்ல என்ற அண்ணனோட துப்பாக்கியத்தான் எடுத்துட்டு வந்தனுங்க. ஆறு மாசம் தோள்பட்டைக்கு ஒத்தடங் குடுத்தேன். பொறவுதான் தெரிஞ்சுது, துப்பாக்கி அவருக்குச் செஞ்சது, எனக்கு இல்லைன்னு. சித்த எந்திரிங்க."

பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, காலியான ஒரு தடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். முதலில் என் துப்பாக்கியையே எடுக்கச் சொன்னார். பெல்லட் போடாமல், கண்களை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, வசதியாக இருக்கிற இடத்தில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறக்க வேண்டும்.

"இப்ப முன்குறி எங்கீங்க இருக்குது?"

பின்பள்ளத்தில் குறியே தெரியவில்லை. வலப்பக்கம் எங்கேயோ ஓடிப்போயிருந்தது. விசையை எட்டுவதற்காக நான் கை முழுவதையும் பிடியைச் சுற்றித் திருப்பி வைத்திருந்தேன் என்று அவர் காட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை, பிடியின் பின்வளைவில் மேலே ஏறி உட்கார வேண்டும். எனக்கு அது ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே இருந்த சந்தில் அவர் தன் சுண்டுவிரலை நுழைத்தே காட்டினார்.

பிறகு தன் துப்பாக்கியைத் திறந்து, காலியாக இருக்கிறது என்று காட்டிவிட்டு மேசையில் வைத்தார். "இப்ப இத எடுங்க."

எடுத்தேன். பிடி கைக்குள் போய் உட்கார்ந்தது. இறுக்க வேண்டியிருக்கவில்லை. தெரிந்த ஒருவருக்குக் கை கொடுப்பதுபோல் சாதாரணமாகப் பிடித்தேன். ஆள்காட்டி விரலின் நுனிச் சதை தானாக விசையின் மேல் வந்து நின்றது. கண்ணை மூடி, கையை உயர்த்தி, கண்ணைத் திறந்தேன்.

முன்குறி பள்ளத்தின் நடுவில் இருந்தது. நின்றுகொண்டிருந்தது. மூச்சோடு சேர்ந்து மெல்ல ஏறி இறங்கியது, அவ்வளவுதான். ஈ பறக்கவில்லை.

கையை இறக்கிவிட்டு மறுபடி உயர்த்தினேன். மறுபடியும் நின்றது. துப்பாக்கியை மேசையில் வைத்தேன். பக்கத்தில் இருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"என்னாச்சுங்ணா? தண்ணி கொண்டாரட்டுங்களா?"

மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாததை, பெயர்கூடச் சரியாகத் தெரியாத அந்த அம்மாவிடம் சொன்னேன். அப்பாவைப் பற்றி, சட்டையில் வழிந்த திராட்சை ரசத்தைப் பற்றி, காலை டம்ளரைப் பற்றி. அவர் குறுக்கிடாமல் கேட்டார். இதுதான் காரணம், வேறொன்றும் இல்லை என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"எனக்குக் கோழிக்கு வர்ற நோவுதானுங்க தெரியும். மனுசருக்கு வர்றது தெரியாதுங்க. துப்பாக்கி ஆடுனது புடியாலதான், அத நான் அடிச்சுச் சொல்லுவேன். ஆனா நீங்க டாக்டர்கிட்டக் காட்டிப்போடுங்க. இல்லீன்னா நாளைக்கு வேற எதையாச்சும் பாத்துப் பயப்படுவீங்க. ஊட்ல அக்காகிட்ட மொதல்ல சொல்லுங்க."

அன்று மதியமே மனைவியிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"இடது கையில காபி குடிக்கறதப் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்" என்றாள் கடைசியில். "கைவலின்னு நெனச்சேன். கேட்டா, ஒண்ணுமில்லைன்னுதான சொன்னீங்க? இத்தன நாளா இத மனசுல வெச்சுட்டா என்ற பக்கத்துல படுத்துட்டிருந்தீங்க?"

"உனக்கும் பயமாயிரும்னுதான்..."

"எனக்குப் பயமாகாமயா இருந்துச்சு? உங்க மூஞ்சி போற போக்கப் பாத்து, நீங்க வேலைய விட்டுப்போட்டீங்களோன்னு நெனச்சேன். உங்க கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேக்கலாமான்னுகூட இருந்தேன்."

பிறகு என் கையை எடுத்து மேசைமேல் வைத்து, தன் கையை எடுத்துவிட்டு, சும்மா பார்த்தாள். வார்டில் குழந்தைகளைப் பார்க்கிற பார்வை அது.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது இல்லீங்க. ஆனா என்ற வாயால சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. டாக்டரே சொல்லட்டும்."

அந்த வாரமே அவளுடைய மருத்துவமனையில் நரம்பு மருத்துவரைப் பார்த்தோம். அமைதியான மனிதர். விரல்களைத் தட்டச் சொன்னார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். வராந்தாவில் நடந்து போய்வரச் சொல்லி, என் கைகள் வீசுகின்றனவா என்று பார்த்தார். பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுத்தார். பிறகு உட்காரவைத்து, கைகளைத் தொடைமேல் தளர்வாகப் போடச் சொல்லி, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். எழுபத்தொன்பதுக்கு அப்புறம் எனக்குக் கணக்கு உதைத்தது. மனைவி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். டாக்டர் என் கணக்கைக் கவனிக்கவே இல்லை. என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பாவுக்குக் கை எப்ப ரொம்ப நடுங்கும்? ஏதாவது செய்யறப்பவா, சும்மா இருக்கறப்பவா?"

யோசித்தேன். கிண்ணத்தையும் டம்ளரையும் தாண்டி யோசித்தேன். கடைசி பெஞ்சில் பிரசங்கம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அப்பா ஞாபகத்துக்கு வந்தார். மடியில் கிடந்த கையில் கட்டைவிரல் எதையோ உருட்டுவதுபோல் ஓயாமல் ஆடும். அதை மறைக்கத்தான் மற்றக் கையால் பிடித்துக்கொள்வார்.

"சும்மா இருக்கறப்பத்தானுங்க."

"உங்க கை சும்மா இருக்கறப்ப சும்மாதான் இருக்கு. வேற அறிகுறியும் எதுவும் இல்ல. தசை களைச்சுப்போனா யாருக்கும் நடுங்கும். நீங்க கையால ஏதாவது கனமான வேலை செய்யறீங்களா?"

"ஞாயித்துக்கிழமை துப்பாக்கி சுடறேனுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்தார். அவள் அவசரமாக, "விளையாட்டுக்குங்க டாக்டர், காத்துத் துப்பாக்கி" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். நாளை யாருக்கு என்ன வரும் என்று தன்னால் சொல்ல முடியாது, இன்றைக்கு உங்களிடம் அந்த நோய் இல்லை என்று அவர் தெளிவாகச் சொன்னார். வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்.

வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றோம். சாவியை எடுத்தவன் வண்டியைக் கிளப்பாமல் அப்படியே நின்றேன். மனைவி என் முதுகில் கை வைத்தாள். எனக்கு அழுகை வந்தது. டூவீலர் எடுக்க வந்த ஒருவர், உள்ளே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, "தைரியமா இருங்க சார்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். சரி என்று தலையாட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். என் துப்பாக்கி இன்னும் புதுசு மாதிரியே இருப்பதால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். "ஆனா ஸ்மால்னா லேடீஸ் சைஸுங்களே சார்" என்று மறுபடி இழுத்தார்.

"துப்பாக்கி எங்கூட்டுக்காரர் கையிலதானுங்க இருக்கப்போவுது? அந்தக் கைக்கு எது சேருதோ அதக் குடுங்க" என்றாள் மனைவி.

மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். இந்தமுறை நான் மரத்தையும் கொத்துவேலையையும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்துக் கண்ணை மூடிச் சுவரை நோக்கிக் கையை உயர்த்தினேன். முதலாவதன் பிடி அளவில் சரியாக இருந்தது, ஆனால் அதன் சாய்வு என் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை. கண்ணைத் திறந்தால் குறி கூரையைப் பார்த்தது. இரண்டாவது எல்லாவற்றிலும் அழகானது, விரல்களுக்குத் தனித்தனியாகப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். அந்தப் பள்ளங்களின் மேடு என் விரல்களுக்கு அடியில் வந்து உறுத்தியது. மூன்றாவது, சாம்பல் நிறத்தில், சாயம் பூசிய ஒட்டுப்பலகைப் பிடி. கண்ணைத் திறந்தபோது குறி பள்ளத்துக்கு நடுவில் இருந்தது. நம்பிக்கை வராமல் இன்னும் சில தடவை செய்து பார்த்தேன். கடைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டி நிற்கிற ஆளைத் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இதுங்க" என்றேன்.

அந்தப் பிடியில் உள்ளங்கையை அடியிலிருந்து தாங்கும் சின்னப் பலகையை ஒரு திருகாணியால் ஏற்றி இறக்கலாம். கடைக்காரர் அதை என் கையின் அடிச்சதை தொடும்வரை ஏற்றினார், நெருக்காத அளவுக்கு. கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு முனை மட்டும் உரசியது. அதை வீட்டில் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டேன். இதற்குள் மனைவி என் பழைய மீடியத்தைச் சும்மா கையில் எடுத்துப் பார்த்தாள். அது அவள் கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. கடைக்காரர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பில் போடப் போய்விட்டார்.

மறுநாள் சங்கத்துக்குப் போனதும் பல்லடத்து அம்மா தன் தடத்திலிருந்தே, "ஏனுங்ணா, டாக்டர் என்ன சொன்னாருங்க?" என்று கேட்டார். துப்பாக்கியைப் பற்றி முதலில் கேட்கவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரென்று சொன்னேன். "அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் அட்டையின் பக்கம் திரும்பினார்.

அன்று நான் பிரமாதமாகச் சுட்டேன் என்று சொல்ல முடியாது. சில நடுவில் பட்டன, பல படவில்லை. ஒன்று ஓரத்து வளையத்துக்குப் போனது. விசையை வெடுக்கென்று இழுத்த என் தவறு அது. தவறு என்னுடையது என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திருத்திக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து, கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, சும்மா தலையைச் சாய்க்கலாம் என்று கூடத்தில் பாயில் படுத்தேன். மகள் அறையில் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி சாயந்தர ஷிஃப்டுக்குக் கிளம்பியது எனக்குத் தெரியாது; எழுப்ப மனசு வரவில்லை என்று பிறகு சொன்னாள். நான் கண் விழித்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்து போயிருந்தது. மகள் வந்து விளக்கைப் போட்டாள்.

"அப்பா, நீங்க போட்ட குறட்டையில மழை வந்ததே தெரியலீங்க" என்றாள்.